வீட்ல ஒரு ஸ்பைரல் மெஷின்

போன வருஷம் எங்க தெரு முனைல இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் கடையை காலி பண்ணிட்டு ஊருக்கு கிளம்புறார்னு தெரிஞ்சதும் நான் போய் 3000 ரூபா குடுத்து அவரோட பழைய ஸ்பைரல் பைண்டிங் மெஷினை வாங்கிட்டு வந்துட்டேன். நல்ல கனம், ரெண்டு பேர் பிடிச்சுதான் ஆட்டோல ஏத்தினோம். அம்மா கதவைத் தொறந்து பாத்துட்டு "என்னடா இது, முறுக்கு புழியிற மெஷினா"ன்னு கேட்டாங்க. அப்பா ஒண்ணும் கேக்கல, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.

காரணம் என் தங்கச்சி. குரூப் 4க்கு படிக்கிறா. சமச்சீர் புக் ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் எல்லா பிடிஎஃப்பையும் பிரிண்ட் போட்டு, அதுக்கு மேல கோச்சிங் மெட்டீரியல், பழைய கொஸ்டின் பேப்பர், கரண்ட் அஃபயர்ஸ்னு மாசாமாசம் ஒரு கட்டு. ஒவ்வொண்ணுக்கும் ஸ்பைரல் போட 50, 60ன்னு குடுத்துட்டே இருந்தோம். நாமளே போட்டுக்கலாமேன்னு தோணுச்சு. காயில் (ஓட்டைல கோக்குற சுருள்), அட்டை, மேல போடுற கண்ணாடி மாதிரி ஓஹெச்பி ஷீட் எல்லாம் மொத்தமா வாங்கினா ரொம்ப கம்மிதான். ஆனா மெஷின் காசு இன்னும் திரும்பி வரல, அது வேற விஷயம்.

மெஷின்ல பெருசா எதுவும் இல்ல. நீளமா ஒரு டை, அதாவது ஓட்டை போடுற அச்சு, அதுல வரிசையா நாப்பத்தி சொச்சம் பின், பக்கத்துல ஒரு லீவர். பத்து தாளை தட்டி சமமாக்கி உள்ள விட்டு லீவரை இழுத்தா "கரக்"னு ஒரு சத்தம், ஓரத்துல வரிசையா ஓட்டை விழும். ஓட்டைல இருந்து விழுற பொட்டு பொட்டா பேப்பர் எல்லாம் கீழ ஒரு டிரேல சேரும். ஆசைப்பட்டு பதினஞ்சு இருபது தாளை ஒண்ணா விட்டா பின் பாதில மாட்டிக்கும், அப்பறம் லீவரை மேல தூக்க ஒரு ஆள் கூப்பிடணும்.

தாளோட தலைப்பக்கம் முட்டி நிக்கிறதுக்கு ஒரு ஓரத்துல சின்னதா ஒரு தடுப்பு இருக்கு. அதை சரியா வைக்கலன்னா கடைசி ஓட்டை தாளோட விளிம்புல பாதி நிலா மாதிரி விழுந்து நாலாவது நாளே கிழிஞ்சுரும். இதையெல்லாம் அந்த கடைக்காரர் சொல்லித்தான் குடுத்தார். அவர் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு, அதை நான் 150 தாளை நாசம் பண்ணித்தான் கத்துக்கிட்டேன்.

முதல் வேலை பத்தாவது சமூக அறிவியல். பாதி கட்டை முகம் மேல பாத்த மாதிரி வச்சு ஓட்டை போட்டேன். அப்பறம் வரிசை சரியா இருக்கான்னு கடைசி பக்க நம்பரை பாத்துக்கிட்டே போடலாம்னு மிச்ச பாதியை திருப்பி கவுத்து வச்சு போட்டேன். எல்லாம் முடிச்சு ஒண்ணா அடுக்கிப் பாத்தா முதல் பாதி ஓட்டையும் ரெண்டாவது பாதி ஓட்டையும் ஒண்ணுக்கொண்ணு பாதி ஓட்டை அளவுக்கு தள்ளி நிக்குது! ஏன்னா தாளைத் திருப்பினதும் தலைப்பக்கத்துக்கு பதிலா கால்பக்கம் போய் தடுப்புல முட்டுது, டை தாளுக்கு நட்ட நடுல இல்லாததால ஓட்டை எல்லாம் நகந்துருது. தங்கச்சி வந்து பாத்துட்டு ரொம்ப அமைதியா "அண்ணா, நான் கடையிலயே போட்டுக்கவா"ன்னா. திட்டியிருந்தா கூட பரவால்ல.

அதுக்கப்பறம் ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன். பஞ்ச் பண்றதுக்கு முன்னாடியே கட்டோட தலைப்பக்கத்துல பென்சிலால ஒரு சாய்வு கோடு இழுத்துருவேன். கோடு எப்பவும் தடுப்பு பக்கம்தான் இருக்கணும்.

காயில் சைஸ் ஒரு சின்ன கணக்குதான். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்ங்கற கணக்கு) தாள் ஒண்ணு சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன், அப்ப 100 தாள்னா ஒரு சென்டிமீட்டர் வரும். ஜெராக்ஸ் கடையில ஓடுற 70 ஜிஎஸ்எம் அதைவிட கொஞ்சம் மெலிசு. கட்டோட தடிமனுக்கு மேல ஒரு மூணு நாலு மில்லிமீட்டர் சேத்து காயில் எடுக்கணும், 16 மில்லி கட்டுக்கு 20 மில்லி காயில்னா சரியா இருக்கும். டைட்டா எடுத்தா பக்கம் திருப்பும்போது மாட்டும், ரொம்ப பெருசா எடுத்தா வளையல் கட்டு மாதிரி லொடலொடன்னு ஆடும். காயிலை முதல் நாலு ஓட்டைல கையால கோத்து விட்டு அப்படியே சுத்திக்கிட்டே போனா தானா ஏறும். ரெண்டு முனையையும் பிளேயரால நறுக்கி உள்பக்கமா மடக்கி விடணும், அதை மறந்தா காயில் கொஞ்சம் கொஞ்சமா கழண்டு துணியில மாட்டும்.

ஸ்பைரல்ல எனக்கு பிடிச்சது புக்கை முழுசா பின்னாடி மடிச்சு ஒரே கைல பிடிச்சுக்கிட்டு படிக்கலாம், பஸ்ல படிக்கிறவங்களுக்கு இதைவிட வேறென்ன வேணும். ஒரு சின்ன குறை இருக்கு. அது சுருள்ங்கறதால விரிச்சு வச்சா இடது பக்கமும் வலது பக்கமும் கொஞ்சம் மேல கீழ நிக்கும். படிக்க அது ஒரு பிரச்சனையே இல்ல, ஆனா ரெண்டு பக்கத்துக்கும் சேத்து மேப் போட்டிருந்தா கோடு ஒட்டாது.

வைரோ போட்டா அந்த தொல்லை கிடையாது. ரெட்டை கம்பி, காலண்டர்லயும் டைரிலயும் பாக்குறோமே அது. மெலிசு புக்குக்கு இன்ச்சுக்கு மூணு ஓட்டை, ஏ4 நீளத்துக்கு 34 வளையம். வளையத்தோட விட்டம் 14 மில்லிக்கு மேல போனா இன்ச்சுக்கு ரெண்டு ஓட்டை, 23 வளையம். அதனால ஒரே டைய வச்சு ரெண்டையும் போட முடியாது. இதுல தொழில்காரங்க ஒரு வேலை பண்ணுவாங்க. பின் அட்டையை எடுத்து முன் அட்டைக்கு மேல வச்சு கோத்து, கம்பியை அமுக்கி மூடிட்டு, அப்பறம் அந்த அட்டையை சுத்தி பின்னாடி கொண்டு போயிருவாங்க. கம்பியோட வாய் மூடுற இடம் கடைசி தாளுக்கும் பின் அட்டைக்கும் நடுவுல ஒளிஞ்சுக்கும். ரொம்ப நாளா வாயே தெரியாம எப்படி மூடுறாங்கன்னு யோசிச்சிருக்கேன். ஒரு தடவை மூடிட்டா மூடினதுதான், நடுவுல ஒரு தாள் சேக்கணும்னா கம்பியை வெட்டி எறியணும்.

சேக்கணும் எடுக்கணும்னா அதுக்கு கோம்பு. சீப்பு மாதிரி பிளாஸ்டிக், ஏ4க்கு 21 பல்லு, ஓட்டையும் நீள்சதுரமா இருக்கும். மெஷின்ல மாட்டி பல்லை விரிச்சு தாளை போடலாம், எடுக்கலாம். பழைய ஆபீஸ்ல மீட்டிங் ஃபைல் எல்லாம் இதுலதான் போடுவோம். பிளாஸ்டிக் நாள்பட நாள்பட பல்லு தளந்து ஓரத்துல ஒண்ணு ரெண்டு தாள் எட்டிப் பாக்க ஆரம்பிக்கும். எனக்கு கோம்பு பிடிக்காது, அவ்வளவுதான்.

மெஷின் வீட்ல இருக்குன்னு தெரிஞ்சதும் அபார்ட்மென்ட்ல பாதிப்பேர் கைல கட்டோட வர ஆரம்பிச்சாங்க. எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்". நான் திருப்பி கேக்குறது "இதை தெனம் விரிப்பீங்களா, இல்ல அலமாரில வைக்கப் போறீங்களா". மாடி வீட்டு மாமா ஸ்தோத்திரம் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்து, புக்கு மாதிரி அழகா இருக்கணும்பா, ஹார்டு பைண்டிங் பண்ண முடியுமான்னார். எங்க வச்சு படிப்பீங்க மாமான்னு கேட்டா, பூஜை ரூம்ல பலகை மேல வச்சு, கைல மணி இருக்கும்ங்கறார். கைல மணி இருந்தா புக்கை யார் பிடிக்கிறது? தானா விரிஞ்சு படுத்துக்கணும்ல. ஸ்பைரல்தான் போட்டு குடுத்தேன். முகம் கொஞ்சம் வாடுச்சு, ஒரு வாரம் கழிச்சு மாமி வந்து இன்னொரு கட்டு குடுத்துட்டு போனாங்க.

இதே மாதிரி பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடியே மார்ஜின் பத்தி யோசிக்கணும், யாரும் யோசிக்கறதில்ல. இடது பக்கம் ஒன்றரை இன்ச் விடுன்னு காலேஜ்ல பிராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு சொல்வாங்க, சும்மா அழகுக்குன்னு நெனச்சிருந்தேன். ஹார்டு பைண்டிங்ல ஓரமா குத்தி தைக்கும்போது அரை இன்ச் உள்ள போயிரும், விரியாததால இன்னும் கொஞ்சம் மறைஞ்சுரும். ரெண்டு பக்கமும் பிரிண்ட் போட்டா பின்பக்கத்துக்கு வலது மார்ஜின் பெருசா இருக்கணும், அதை மறந்துட்டு எழுத்து மேலயே ஓட்டை வாங்கினவங்க எத்தனையோ பேர்.

எனக்கே ஒரு பாடம் ராயப்பேட்டை பக்கம் ஒரு பைண்டிங் கடைல கிடைச்சுது. என்கிட்ட ஒரு தமிழ் அகராதி, கம் பைண்டிங். அதாவது அடுக்கின கட்டோட முதுகை மெஷின்ல சீவி, 160, 180 டிகிரில உருகின பசையைத் தடவி அட்டையை ஒட்டுறது. இப்ப வர்ற முக்கால்வாசி பேப்பர்பேக் இதுதான். அந்த பசை வருஷம் ஆக ஆக காஞ்சு விறைச்சுரும், நல்லா விரிச்சு அழுத்தினா "டக்"னு முதுகுல ஒரு வெடிப்பு, அப்பறம் ஒவ்வொரு தாளா உதிரும். என் அகராதில "ப" வரிசை மொத்தமும் தனியா வந்துருச்சு.

கடைல இருந்த பாய்கிட்ட நீட்டி "தச்சு குடுத்துருங்க பாய்"னேன். அவர் வாங்கி முதுகை விரலால தடவிப் பாத்துட்டு "மடிப்பே இல்லையே தம்பி, எங்க தைக்கிறது"ன்னார். அப்பத்தான் புரிஞ்சுது. பெரிய தாளை மடிச்சு 16 பக்க ஃபாரமா ஆக்கி, ஒவ்வொரு ஃபாரத்தோட மடிப்புக்கு நடுவுல ஊசியை விட்டு தச்சு, அடுத்த ஃபாரத்தோட கோத்துட்டே போறதுதான் நெஜ தையல். அந்த மாதிரி தச்ச புக்கு நல்லா விரியும், பல வருஷம் தாங்கும். கம் பைண்டிங்ல முதுகை சீவும்போதே மடிப்பு போயிருச்சு, எல்லாமே ஒத்தை தாள். இனி தைக்கணும்னா ஓரத்துல குத்தி தைக்கலாம், ஆனா அகராதில உள் மார்ஜின் விரக்கடை கூட இல்ல, தச்சா பாதி எழுத்து உள்ள போயிரும்.

அவர் பண்ணது வேற. உதிர்ந்த தாளை எல்லாம் வரிசையா தட்டி ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு முதுகு மட்டும் வெளிய நீட்டுற மாதிரி இறுக்கினார். முதுகை ஒரு பக்கமா சாய்ச்சு விசிறி மாதிரி விரிச்சு வெள்ளைப் பசையை பிரஷ்ல தடவினார், அப்பறம் மறுபக்கம் சாய்ச்சு இன்னொரு தடவை. இப்ப பசை முதுகோட மேல மட்டும் இல்ல, ஒவ்வொரு தாளோட ஓரத்துலயும் ஒரு நூல் அளவு உள்ள போயிருக்கும், பக்கத்து தாளோட கைகோத்த மாதிரி. மேல மெல்லிசு துணி ஒட்டி ராத்திரி பூரா பிரஸ்ல. இந்த முறையை 1930கள்ல ஜெர்மனில எமில் லும்பெக்னு ஒருத்தர் பரப்பினார், அவர் பேரே ஜெர்மன்ல இந்த வேலைக்கு வினைச்சொல்லா ஆயிருச்சாம். இதை நான் பாய்கிட்ட சொன்னேன், "அப்படியா"ன்னு சொல்லிட்டு பசை கிண்டப் போயிட்டார்.

அட்டைக்கு மைதா பசை, அதுல கொஞ்சம் மயில்துத்தம், பூச்சி அரிக்காம இருக்க. அட்டையை வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாத்தார். பேப்பருக்கும் அட்டைக்கும் நார் ஓடுற திசை உண்டு, அந்த திசையோட சேத்து வளைச்சா சுலபமா வளையும். அது முதுகுக்கு இணையா இருக்கணும், குறுக்கா இருந்தா பசை ஈரத்துல அட்டை அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கும், புக்கும் சரியா விரியாது. நான் அதுவரைக்கும் ஆயிரக்கணக்கான தாளை பஞ்ச் பண்ணிட்டேன், இது தெரியாது.

மைக்கேல் ஃபாரடே 1805ல 14 வயசுல லண்டன்ல ஒரு பைண்டிங் கடைலதான் தொழில் பழக சேர்ந்தார், ஏழு வருஷம். பைண்டிங்குக்கு வர்ற புக்கை எல்லாம் படிச்சே சயின்ஸ் பக்கம் வந்தவர். அப்ப பேர்பெற்ற கெமிஸ்ட் ஹம்ஃப்ரி டேவியோட லெக்சரைக் கேட்டு எழுதின நோட்ஸை தானே பைண்ட் பண்ணி அவருக்கே அனுப்பினார், 1813ல ராயல் இன்ஸ்டிடியூஷன்ல வேலை கிடைச்சுது. தங்கச்சிகிட்ட இதை சொன்னா, "அவர் படிச்சிட்டு பைண்ட் பண்ணார், நீ பைண்ட் மட்டும் பண்ற"ங்கறா.

சின்ன கட்டுக்கு ஸ்டேப்ளரே போதும்ங்கறதையும் சொல்லிடறேன். பின் டப்பால 24/6னு போட்டிருக்கும், அந்த 6 பின்னோட கால் எத்தனை மில்லின்னு சொல்றது. இருபது இருபத்தஞ்சு தாளுக்கு மேல அது போகாது, நாம குத்திட்டு பின் வளைஞ்சுருச்சுன்னு ஸ்டேப்ளரை திட்டுவோம். நூறு தாள்னா 23/13 போடுற பெரிய ஸ்டேப்ளர் வேணும்.

போன ஞாயித்துக்கிழமை அகராதியை வாங்கப் போனேன். முதுகுல பச்சை காலிக்கோ துணி, "ப" வரிசை உறுதியா உக்காந்திருக்கு. எவ்வளவு பாய்னு கேட்டதுக்கு 250ன்னார், குடுத்துட்டு, மெஷின் வாங்கின கதையையும் சொன்னேன். சிரிச்சுட்டு, "டைல பின்னு மழுங்குச்சுன்னா எடுத்துட்டு வா, சாணை புடிக்கிற எடம் சொல்றேன்"னார். வீட்டுக்கு வந்து ஓட்டை விளிம்பை உத்துப் பாத்தேன், நடுவுல நாலஞ்சு ஓட்டைல பிசிறு தெரியுது. தங்கச்சியோட ஜூலை மாச கரண்ட் அஃபயர்ஸ் கட்டு டேபிள் மேலயே கிடக்கு, பென்சில் கோடு மட்டும் போட்டு வச்சிருக்கேன்.