முட்டை ஒன்று, பட்டர் 57 கிராம்: நாலு கிழமை ரேஷன் சமையல்

சின்னவனுக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் உலகப் போர் பாடம் வந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு ஆளுக்கு ஒரு கிழமைக்குக் கிடைத்த சாப்பாட்டை மேசையில் அடுக்கிப் படம் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு பின்னேரம் குசினித் தராசை எடுத்து வைத்து நிறுக்கத் தொடங்கினோம். பட்டர் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். மாஜரீன் 113. சமையல் கொழுப்பு 113. சீஸ் 57. பேக்கன் 113. சீனி 227. தேயிலை 57. பால் 3 பைந்து. முட்டை ஒன்றே ஒன்று. இறைச்சிக்கு மட்டும் நிறைக் கணக்கு இல்லை, காசுக் கணக்கு: 1 ஷில்லிங் 2 பென்ஸுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு. போர் நடந்த வருடங்களில் இந்த அளவுகள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. நாங்கள் எடுத்தது நடுப்பகுதிக் கணக்கு.

படம் எடுத்ததும் அவன் விளையாடப் போய்விட்டான். மேசையில் கிடந்ததைப் பார்த்து, "இதை வைச்சு ஒரு கிழமை சமைக்கேலுமோ?" என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அம்மா கதிரையில் இருந்து எட்டிப் பார்த்தா.

"ஒரு ஆளுக்கோ? கிழமைக்குக் கிழமை குடுத்தவங்களோ?"

"ஓம் அம்மா."

"பிறகென்ன, கொண்டாட்டம்தானே!"

அந்த ஒரு சொல்லுக்காகவே நாலு கிழமை சமைத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். இவர் முதலே கையை உயர்த்திவிட்டார். அவருக்கும் பிள்ளைகளுக்கும் வழமையான சமையல், எனக்கு மட்டும் ரேஷன். ஒரே குசினியில் இரண்டு சமையல் என்பது எவ்வளவு மடைத்தனம் என்று அப்போது யோசிக்கவில்லை.

சட்டங்களையும் நானே போட்டுக்கொண்டேன். உருளைக்கிழங்கு, கரட், கோவா போன்ற மரக்கறிகளுக்குக் கட்டுப்பாடு இல்லை, ஏனென்றால் அன்றும் இருக்கவில்லை. பாணுக்கும் இல்லை. போர் முடிகிற வரை பாண் ரேஷனில் வரவே இல்லை. போர் முடிந்த பிறகு 1946இல் தொடங்கி 1948 வரை பாணுக்கும் கூப்பன் கேட்டார்கள் என்பது இந்தக் கதையிலேயே விசித்திரமான பகுதி. அரிசி, பருப்பு, பேணி மீன் எல்லாம் புள்ளிக் கணக்கில் வந்தவை. நாலு கிழமைக்கு இத்தனை புள்ளி என்று கையில் தருவார்கள், எதற்குச் செலவழிப்பது என்பது உங்கள் விருப்பம். 1941 டிசம்பரில் அந்த முறை தொடங்கியபோது 16 புள்ளி. நான் அதைச் சுருக்கி, நாலு கிழமைக்கும் சேர்த்து ஒரு றாத்தல் அரிசி, ஒரு றாத்தல் மைசூர்ப் பருப்பு என்று வைத்துக்கொண்டேன். தேங்காய் இல்லை. கறித்தூளை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. கறித்தூள் பேணி அன்றைய ஆங்கிலேயக் குசினிகளிலும் இருந்ததுதானே.

முதல் கிழமை

கொழுப்புத்தான் முதலில் முடியும் என்று நினைத்திருந்தேன். மூன்றையும் கூட்டினால் 283 கிராம், நாளுக்கு 40. உண்மையில் அது குறைவே இல்லை. ஆனால் அது எங்கள் சமையலுக்கான கொழுப்பும் இல்லை. பாணில் பூசவும் மா குழைக்கவும் தந்த கொழுப்பு அது. மாஜரீனில் கடுகு வெடிக்கப் போட்டால் நுரைத்துக் கரித்துவிடுகிறது. இரண்டு நாள் அப்படி நாசமாக்கிய பிறகுதான், சமையல் கொழுப்பு 113 கிராமையும் தாளிப்புக்கென்றே ஒதுக்கி ஒரு ஜாம் போத்தலில் போட்டு வைத்தேன். ஒரு தாளிப்புக்கு ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் இல்லை.

உண்மையில் இடித்தது வெங்காயம். பிரித்தானியாவுக்கு வெங்காயம் பெரும்பாலும் பிரான்சின் பிரிட்டனியில் இருந்தும் கால்வாய்த் தீவுகளில் இருந்தும் வந்தது. 1940இல் இரண்டும் ஜெர்மன்காரர் கைக்குப் போனதோடு வெங்காயமும் போனது. அலுவலகங்களில் ஒரு வெங்காயத்தைச் சீட்டுக் குலுக்கிப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே எனக்கும் வெங்காயம் இல்லை.

வெங்காயம் இல்லாமல் கறிக்கு உடம்பு இல்லை. பருப்பு தண்ணீராக நின்றது, கிழங்குப் பிரட்டலில் தூள் தனியே, கிழங்கு தனியே. வியாழக்கிழமை அம்மா லீக்ஸ் கட்டைத் தூக்கி என் முன்னால் வைத்தா. லீக்ஸின் வெள்ளைப் பகுதியை மெல்லியதாக அரிந்து, உப்புப் போட்டு மூடி, அதன் ஈரத்திலேயே வதங்கவிட்டு, கடைசியில்தான் கொழுப்பு. மணம் வெங்காயம் மாதிரி இல்லை, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். ஆனால் கறி ஒன்றுசேர்ந்து வந்தது. இலங்கையில் லீக்ஸை எத்தனை நாள் தனிக்கறியாக வைத்துத் தின்றிருக்கிறோம், எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

தேயிலை 57 கிராம் என்றால் நாளுக்கு எட்டு. இரண்டு கிராம் வீதம் நாலு கோப்பை. இதில் எனக்குக் கஷ்டமே இல்லை. சீனிக்குத்தான் அம்மாவின் உபாயம் வேண்டியிருந்தது. சீனியைத் தேத்தண்ணிக்குள் போடாமல் உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டை வைத்து, ஒரு கடி, ஒரு மிடறு. நான் பனங்கட்டியையும் சீனிக் கணக்கிலேயே நிறுத்தேன். பாதிச் சீனி மிஞ்சியது.

இரண்டாம் கிழமை

சின்னவன் அந்தக் காலத்து ரேஷன் புத்தகத்தின் படம் ஒன்றைக் காட்ட, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா. "இது எங்கட கூப்பன்தானே!" சரியாகத்தான் பிடித்தா. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது இலங்கையிலும் பங்கீடு வந்தது. போர் முடிந்தும் அது போகவில்லை. அம்மாவே கூப்பனோடு சங்கக்கடை வரிசையில் நின்றவ. "என்ர பங்கையும் சேர், ரெண்டு பேராச் சமைப்பம்" என்றா. அன்றிலிருந்து இரண்டு புத்தகம்.

அம்மா சைவம். சைவக்காரர் அன்று இறைச்சிக் கூப்பனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூடுதல் சீஸ் வாங்கலாம். அம்மாவுக்குச் சீஸ் பிடிக்காது. ஆக அந்தச் சீஸ் முழுக்க என் தலையில்.

வூல்டன் பை செய்த நாளைச் சொல்ல வேண்டும். உணவு அமைச்சராக இருந்த லார்ட் வூல்டன் பெயரில் லண்டன் சவோய் ஹோட்டலின் தலைமைச் சமையற்காரர் பிரான்சிஸ் லத்ரி உருவாக்கியது. உருளைக்கிழங்கு, கரட், ஸ்வீட் (swede) என்ற கிழங்கு, கோலிஃபிளவர் ஒவ்வொன்றிலும் ஒரு றாத்தல், கொஞ்சம் ஓட்ஸ், தாள் வெங்காயம். அவித்து, தடித்து வந்ததும் தட்டில் கொட்டி, மேலே மாவோ மசித்த கிழங்கோ மூடிப் போறணையில் வைப்பது. முதல் தடவை எழுதியபடியே செய்தேன். அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுச் சொன்னா: "சாம்பாறு வைக்க வெளிக்கிட்டுப் புளி விட மறந்துபோச்சு போல."

இரண்டாம் தடவை மரக்கறியை அவிக்கும்போதே ஒரு மேசைக்கரண்டி கறித்தூள், இறக்கும்போது ஒரு தேக்கரண்டி வினாகிரி. நன்றாக இருந்தது. அது இன்னும் வூல்டன் பையா என்று கேட்டால் பதில் இல்லை. கோலிஃபிளவரைப் பிந்திப் போடுங்கள், கரைந்துவிடும். ஸ்வீட்டைச் சிறிதாக வெட்டுங்கள், அது லேசில் அவியாது.

முட்டைத்தூளும் இந்தக் கிழமைதான் வந்து சேர்ந்தது. 1942இல் அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்து, ஆளுக்கு நாலு கிழமைக்கு ஒரு பெட்டி, 12 முட்டைக்குச் சமன் என்று கொடுத்த பொருள். ஒரு மேசைக்கரண்டி தூளுக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். ஒம்லெட் போட்டேன், செருப்பின் அடிப்பக்கம் மாதிரி வந்தது. பிழை என்னுடையது: கரைத்த உடனே தாச்சியில் ஊற்றிவிட்டேன். கால் மணித்தியாலம் ஊறவிட்டு, லீக்ஸும் பச்சை மிளகாயும் போட்டு, அடுப்பைக் குறைத்து வறுத்தால் முட்டைப் பொரியல் என்று நம்பலாம். கேக்குக்கு அது நல்ல முட்டைக்குச் சற்றும் குறையாது.

மூன்றாம் கிழமை

வைக்கோல் பெட்டி. நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். எரிபொருள் மிச்சம் பிடிக்க அன்று வீடுகளில் செய்தது: கொதிக்கக் கொதிக்கச் சட்டியை இறக்கி, வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் புதைத்து மூடிவிட்டால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே அவியும். லண்டன் ஹரோவில் வைக்கோலுக்கு எங்கே போவது? முயலுக்குப் போடுகிற காய்ந்த புல் செல்லப்பிராணிக் கடையில் இருந்தது. பெரிய காட்போட் பெட்டி, அடியில் ஒரு சாண் புல், நடுவில் சட்டி, சுற்றிலும் இறுக்கமாகப் புல், மேலே பழைய தலகணி.

காலை எட்டு மணிக்குப் பருப்பைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு உள்ளே வைத்தேன். பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் கையால் நசிக்கிற பதம், ஆவியும் பறந்தது. அடுத்த நாள் கிழங்கு. ஆவல் பொறுக்காமல் பத்தரைக்கு மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான், சூடு போய்விட்டது, கிழங்கு நடுவில் நறுக்கென்று நின்றது. சட்டி கழுத்து வரை நிறைந்திருக்க வேண்டும், பாதிச் சட்டி சீக்கிரம் ஆறும் என்பதையும் அன்றுதான் படித்தேன். சிவப்புப் போஞ்சி விதையை மட்டும் இப்படி அவிக்க வேண்டாம். அதைக் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடாவிட்டால் வயிற்றைப் புரட்டும்.

அம்மா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தா. பிறகு தன் பாட்டில் கதைக்கத் தொடங்கினா. 1990 ஆனியில் இலங்கையில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு கரண்ட் போனது, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டு எரித்த சிக்கன விளக்கு, சோப்புக்குப் பதிலாகப் பனங்காய் போட்டுத் தோய்த்த உடுப்பு. எனக்கும் கொஞ்சம் நினைவிருக்கிறது, பனங்காய் மணந்த பள்ளிக்கூடச் சட்டை. உலகப் போர்க்காலத்தில் பிபிசி வானொலி காலை எட்டேகாலுக்கு என்ன சமைப்பது என்று சொல்லிக்கொடுத்தது என்று நான் சொன்னேன்.

"நாங்களும் பிபிசிதான் கேட்டனாங்கள்" என்றா. "தம்பி சைக்கிளை நிமித்தி வைச்சு மிதிப்பான், டைனமோவில தமிழோசை கேக்கும். அதில சமையல் சொல்லேல்ல."

கொஞ்ச நேரம் கழித்து: "இவங்களுக்குத் திங்கட்கிழமை வந்தா இவ்வளவு எண்டு தெரியும். எங்களுக்குக் கப்பல் வந்தாத்தான் தெரியும்."

அதன் பிறகு தராசில் எதையாவது வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல் ஞாபகம்தான். 57 கிராம் என்று எழுதிக் கொடுத்தவன் அதைக் கொடுத்தும் இருக்கிறான்.

அந்த வாரக் கடைசியில் போலி வாழைப்பழம். 1940 கடைசியில் வாழைப்பழ இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்காகப் பார்ஸ்னிப் கிழங்கை அவித்து மசித்து, சீனியும் வாழைப்பழ எசென்சும் விட்டுப் பாணில் பூசிக் கொடுத்தார்கள். நானும் செய்தேன். மணம் சரியாக வாழைப்பழம். வாயில் வைத்தால் கிழங்கு. கண்ணை மூடச் சொல்லி அம்மாவுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். கதலி வாழையும் இதரை வாழையும் கப்பல் வாழையும் வளவில் குலை தள்ளப் பார்த்த மனிசி. மென்றா, விழுங்கினா, கண்ணைத் திறக்காமலே கேட்டா: "இதை ஆர் பிள்ளை வாழைப்பழம் எண்டு சொன்னது?" சின்னவன் மட்டும் இரண்டு துண்டு சாப்பிட்டான்.

நாலாம் கிழமை

1942இல் வெள்ளைப் பாணை நிறுத்தி எல்லோருக்கும் ஒரே பாண் என்று கொண்டுவந்தார்கள். தானியத்தின் 85 சதவீதம் மாவுக்குள் இருக்க வேண்டும். கடையில் அப்படி மா கிடைக்கவில்லை. முழுக்கோதுமை மா 100, வெள்ளை மா ஏறத்தாழ 72. சரிபாதி கலந்தால் 86, போதும். பாண் சாம்பல் நிறத்தில், கனமாக, ஈரமாக வந்தது. அந்தக் காலத்து ஆட்கள் அதைத் திட்டினதில் நியாயம் இருக்கிறது.

அதே மாவை அம்மா அவித்து, அரித்து, சுடுதண்ணீர் தெளித்து, சுண்டால் கொத்திப் புட்டாக்கினா. தவிடு இருப்பதால் வழமையை விடத் தண்ணீர் கூடக் குடித்தது. தேங்காய்ப்பூவுக்குப் பதில் துருவிய கரட். நீத்துப்பெட்டியில் இருந்து கொட்டும்போது செம்மஞ்சள் பொட்டுப் பொட்டாக விழுந்தது. தேங்காய் இல்லாத குறை தொண்டையில் தெரிந்தது, லீக்ஸ் சொதி விட்டுத்தான் இறக்க முடிந்தது. நாலு கிழமையில் இவரும் பிள்ளைகளும் தங்கள் சமையலை விட்டுவிட்டு வந்து தின்றது இந்த ஒரு நாள்தான்.

கணக்கு முடித்தபோது இரண்டு பேர் பங்கில் மிஞ்சியது: சீனி கிட்டத்தட்ட 900 கிராம், சீஸ் ஒரு கட்டி, முட்டைத்தூள் ஒன்றரைப் பெட்டி. அரிசி மூன்றாம் கிழமையே முடிந்துவிட்டது. தாளிப்புப் போத்தல் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலி. எடை ஒரு கிலோ குறைந்தது, அது வூல்டன் பையாலா வேலையாலா தெரியாது. ரேஷன் 1940 ஜனவரி 8இல் தொடங்கி 1954 ஜூலை 4இல் முடிந்தது, பதினாலரை வருடம். நான் இருபத்தெட்டாம் நாள் இரவே இரண்டு வெங்காயத்தை அரிந்து, நல்லெண்ணெயில் பொன்னிறமாகும் வரை வதக்கிச் சும்மா தின்றேன்.

வைக்கோல் பெட்டி குசினி மூலையில் அப்படியே இருக்கிறது. பருப்பு இப்போது அதில்தான். போன கிழமை ஊரில் இருந்து வந்த ஆள் ஒருவர் ஒரு கிலோ ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மா, கொண்டுவந்து தந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இனி என்ர ரேஷன்" என்றா. கயர் போக மாவைத் தண்ணீரில் ஊற வைத்திருக்கிறோம். முதல் தண்ணீரை வடித்தாயிற்று, இன்னும் கசக்கிறது.