பிரிம்லி றோட்டுச் சைக்கிள் லேனும் நான் எழுதின கடிதமும்

2020 மே கடைசியில் ரொறன்ரோ நகரசபை, கோவிட் காலத்துக்கென்று ஏறக்குறைய 25 கிலோமீற்றருக்குச் சைக்கிள் லேன் போடுவதாக முடிவெடுத்தது. எல்லாம் நகரின் உள்பக்கம் டான்ஃபோர்த் றோட்டுக்குத்தான் போகும், கிழக்குப் பக்கமான எங்கள் ஸ்காபரோவுக்கு என்ன வரப்போகுது என்று இருந்தேன். கோடையில் ஒரு நாள் பார்த்தால், பிரிம்லியில் கிங்ஸ்டன் றோட்டிலிருந்து லோரன்ஸ் வரைக்கும் கோடு அடித்துக் கம்பம் நட்டிருக்கிறார்கள்.

எனக்கு அப்போது இரவு வேலை. நெரிசல் பஸ்ஸுக்குப் பயந்து பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தேன், அதனால் சந்தோஷம்தான். எங்கள் தெருவில் அந்தச் சந்தோஷம் எனக்கு மட்டும்தான் என்பது ஒரு கிழமையில் தெரிந்துவிட்டது.

இரண்டு வீடு தள்ளி ஒரு அண்ணை இருக்கிறார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கரியரில் மூட்டையோடு சைக்கிள் மிதித்த மனிசன். அவர்தான் லேனுக்கு முதல் எதிரி. "அது பெற்றோல் இல்லாத காலம் தம்பி, இப்ப கார் நிக்குது வாசல்ல, பிறகேன் இந்த விசர் வேலை?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கார் ஓடுகிற இடம் சுருங்கியதால் பஸ் நின்றால் பின்னால் எல்லாரும் நிற்க வேண்டும், அவர் மனைவி வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கிற வேலை, ஒவ்வொரு பத்து நிமிசமும் அவருக்குக் கணக்கு.

லேனை எடுக்கச் சொல்லி அண்ணை ஃபோன் அடித்தார், கையெழுத்து வாங்கினார். நான் நகரசபையின் 311 என்ற ஃபோன் இலக்கத்துக்கு அடித்து, முறைப்பாட்டுக்கு ஒரு பதிவிலக்கம் வாங்கிக்கொண்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அது முட்டாள்தனம். நகரசபைக் கமிட்டியில் பெயர் பதிந்தால் ஐந்து நிமிசம் வரை பேசலாம், ஆட்கள் கூடினால் அதையும் குறைப்பார்கள். அதற்குப் பிறகு முழுச் சபைக்குப் போய்விட்டால் பொதுமக்கள் வாய் திறக்க முடியாது, எழுதி அனுப்பத்தான் முடியும். எனக்கு இது தெரிய வந்தபோது மிஞ்சியிருந்தது கடிதம் மட்டும்தான்.

முதலில் எழுதினது முழுக்கப் பூமி வெப்பமாவது பற்றி. நண்பரின் மகள் வாசித்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, நீங்கள் எத்தனை மணிக்கு, எங்க இருந்து எங்க போறீங்கள், எந்தச் சந்தியில பயம் எண்டு எழுதுங்கோ." அப்படியே திருப்பி எழுதினேன், எக்ளிங்டன் சந்தியில் விடிய ஐந்து மணிக்கு லொறிகள் திரும்புகிற விதம் உட்பட. ஒரு பக்கம்தான், மூன்று இரவு பிடித்தது.

அப்புறம் வேலையிடத்தில் சைக்கிளில் வருகிற நான்கு பேரிடம் நீங்களும் எழுதுங்கள் என்று கேட்டேன். ஒருவருக்கு ஆங்கிலம் பயம், ஒருவர் நித்திரை போதாது என்றார், ஒருவர் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனவர்தான். நான்காவது ஆள், கடிதம் அனுப்பினால் பெயர் பொதுப் பதிவில் ஏறும் என்றதுமே கையைக் காட்டிவிட்டார். அவருக்கு இன்னும் இங்கே இருப்பதற்கான பேப்பர் கிடைக்கவில்லை, நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

சைக்கிள் ஓடுகிறவர்கள் குறைவு, கார்ப் பயண நேரம் கூடிவிட்டது என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம். குறைவுதான், மறுக்கவில்லை. லோரன்ஸில் வந்து சட்டென்று அந்தரத்தில் முடிகிற லேனில் யார் கூட்டமாக வரப்போகிறார்கள்? அந்தக் குளிர்காலத்தில் பிரிம்லி லேனை எடுத்துவிட்டார்கள். டான்ஃபோர்த்தில் போட்டது நிலைத்தது.

வசந்தத்தில் நான் திரும்பச் சைக்கிளை எடுத்தேன். றோட்டில் பயம், நடைபாதையில்தான் ஓட்டுகிறேன். பதினான்கு வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் அப்படி ஓட்டக்கூடாது, அபராதம் உண்டு. அதை எனக்குச் சொன்னதும் அண்ணைதான், தன் வாசலில் நின்று, கையைக் காட்டி மறித்து.