கவுண்ட் 491, மாத்திரை எப்போது?

எச்.ஐ.வி.-க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துப் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர் உங்கள் பேரைக் கேட்க மாட்டார், ஊரைக் கேட்க மாட்டார். "கவுண்ட் எவ்ளோ?" என்றுதான் கேட்பார். ரத்தத்தில் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கைதான் அங்கே அறிமுகம். எச்.ஐ.வி. மாத்திரையை எப்போது ஆரம்பிப்பது என்பதையும் அந்த எண்தான் முடிவு செய்யும் என்று ஆரம்பத்தில் என்னிடம் பேசிய எல்லாரும் சொன்னார்கள். இப்போது அது அப்படி இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வீடு தண்டையார்பேட்டை. வேலை பாரிமுனையில், ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில். எங்கள் பகுதியில் நடந்த ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்திருந்தேன். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் செய்து, நேரில் வரச் சொன்னார்கள். அங்கிருந்து எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள். மூன்று விதமான கிட்டில் பார்த்து, மூன்றிலும் வந்த பிறகுதான் பாசிட்டிவ் என்று சொன்னார்கள். அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு செய்யச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்கள். அதற்குள் மனசு கேட்காமல், ஆபீஸ் முடிந்த ஒரு சாயங்காலம் ஒரு தனியார் லேபில் சிடி4 பார்த்தேன். 611 வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு கிளினிக் டாக்டரிடம் காட்டினேன். "நல்லா இருக்கே, 350-க்குக் கீழ வந்தா பாத்துக்கலாம். சத்தான சாப்பாடு சாப்பிடுங்க" என்றார். கேட்க எவ்வளவு இதமான பேச்சு!

நம்பிக்கை மையத்தில் பழக்கமான ஒரு அண்ணனும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். காசிமேட்டுக்காரர், 20 வருஷத்துக்கு மேல் பாசிட்டிவாக இருப்பவர். "தம்பி, மாத்திரைய ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. எவ்ளோ தள்ள முடியுமோ அவ்ளோ தள்ளு. எனக்கெல்லாம் இருநூறுக்குக் கீழ போனாத்தான் குடுத்தாங்கோ." அவர் பொய் சொல்லவில்லை. 2004 ஏப்ரல் முதல் தேதி அரசாங்கம் இலவச ஏ.ஆர்.டி. கொடுக்க ஆரம்பித்தபோது நாடு முழுக்க 8 மருத்துவமனைகளில்தான் கொடுத்தார்கள். அதில் ஒன்று தாம்பரம் சானடோரியம். காசிமேட்டிலிருந்து அவர் அங்கேதான் போய்வந்திருக்கிறார். மருந்து கொஞ்சம், ஆட்கள் அதிகம். உடம்பு ரொம்ப இறங்கியவர்களுக்குத்தான் முதலில். அப்போதைய மருந்துகளும் கடுமையானவை. ஸ்டாவுடின் சாப்பிட்டு அவருக்குக் கன்னம் ஒட்டிப்போனது, கால் எரிச்சல் இன்னும் இருக்கிறது. அந்த மாத்திரையை அறிந்தவர் தள்ளிப்போடச் சொல்வதில் ஆச்சரியம் என்ன?

ஸ்டான்லியில் காலையில் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டில் 491.

611 எங்கே, 491 எங்கே! சில வாரத்தில் 120 போய்விட்டது, இந்த வேகத்தில் போனால் இன்னும் எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். டாக்டரம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "கவுண்ட்டை விடுங்க, சதவீதத்தப் பாருங்க" என்றார். லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களில் சிடி4 எத்தனை சதவீதம் என்பதுதான் அது. முதல் தாளில் 27, இரண்டாவதில் 26. ஏறக்குறைய அதேதான்.

எண்ணில் வாழ்கிறவன் என்பதால் அங்கேயே மொபைலில் தட்டிப் பார்த்தேன். முதல் ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணுக்கள் 7,800. அதில் லிம்போசைட் 29 சதவீதம், அதாவது 2,262. அதில் 27 சதவீதம் என்றால் 611. இரண்டாவதில் வெள்ளை அணுக்கள் 5,900, லிம்போசைட் 32 சதவீதம், அதில் 26 சதவீதம்: 491. மொத்த அணுக்கள் கூடிக் குறைந்ததால்தான் சிடி4 குறைந்த மாதிரி தெரிந்தது. சிடி4 காலையில் குறைவாகவும் சாயங்காலம் கூடுதலாகவும் இருக்குமாம். சளி, காய்ச்சல் இருந்தாலும் மாறும், மெஷினுக்கு மெஷினும் மாறும். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சந்தோஷப்படவும் கூடாது, பயப்படவும் கூடாது. தொடர்ந்து பார்க்கிறவர்கள் ஒரே லேபில், ஒரே நேரத்தில் பார்ப்பது நல்லது என்றார். எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கே ஏறக்குறைய 500-லிருந்து 1,500 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கும்.

"அப்போ 350 வரைக்கும் காத்திருக்கலாமா மேடம்?" என்று கேட்டேன்.

"அந்தக் கதையெல்லாம் 2017-லயே முடிஞ்சிடுச்சு" என்றார்.

200 என்று இருந்த எல்லை பிறகு 350 ஆனது, அப்புறம் 500 ஆனது. 2017 ஏப்ரலில் எல்லையே வேண்டாம் என்று இந்தியாவில் முடிவெடுத்தார்கள்: பாசிட்டிவ் என்றால் கவுண்ட் எதுவாக இருந்தாலும் சிகிச்சை. காரணம், 2015-ல் வெளிவந்த ஸ்டார்ட் என்ற ஆராய்ச்சி. 35 நாடுகளில் 4,685 பேர், எல்லாருக்கும் சிடி4 500-க்கு மேல். பாதிப் பேருக்கு உடனே மருந்து, மீதிப் பேருக்கு 350 வரும்வரை காத்திருப்பு. உடனே ஆரம்பித்தவர்களுக்குக் கடுமையான நோயோ மரணமோ வரும் ஆபத்து 57 சதவீதம் குறைந்தது. எனக்கு உறைத்த விஷயம் இன்னொன்று: அந்தப் பாதிப்புகளில் பெரும்பாலானவை கவுண்ட் 500-க்கு மேல் இருக்கும்போதே வந்தவை. நல்லா இருக்கே என்று கிளினிக்கில் சொன்னார்களே, அந்த நல்ல கவுண்ட்டில்!

டாக்டரம்மா விளக்கியதை எங்கள் துறைமுகக் கணக்கில் இப்படிப் புரிந்துகொண்டேன். சிடி4 என்பது கிடங்கில் மிச்சமிருக்கும் மூட்டை, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, உள்ளே ஓடும் எலி. மூட்டை நிறைய இருக்கிறது என்பதற்காக எலியை யாராவது விட்டுவைப்பார்களா?

சரி, அப்படியானால் சிடி4 எதற்கு? கூடவே வேறென்ன மருந்து வேண்டும் என்பதைச் சொல்வதற்கு. 350-க்குக் கீழே என்றால் மற்ற தொற்றுகள் வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் சேரும். 200-க்குக் கீழே என்றால் நோய் முற்றிய நிலை என்று எடுத்துக்கொண்டு, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மாதிரியானவற்றைத் தேடுவார்கள். எனக்கு இவை தேவைப்படவில்லை. கிரியாட்டினின், ஈரல், ஹெபடைடிஸ் எல்லாம் பார்த்தார்கள். ஏ.ஆர்.டி. மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிர் சிறுநீரகத்தில் வேலை காட்டலாம் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினுக்கு முக்கியத்துவம்.

பிறகு டி.பி. விசாரணை: இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, ராத்திரி வியர்வை. இதைக் கவுன்சிலர் கேட்டார், டாக்டர் கேட்டார், எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். ஏன் இவ்வளவு என்பது பக்கத்தில் இருந்த ஒருவர் மூலம் புரிந்தது. அவர் கவுண்ட் 100-கூட இல்லை. ஆனால் அவருக்கு ஏ.ஆர்.டி. உடனே கொடுக்கவில்லை! டி.பி. இருந்ததால் முதலில் டி.பி. மருந்து, அது உடம்பில் ஒத்துப்போனதும் இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. பூஞ்சை மூளைக்காய்ச்சல் என்றால் இன்னும் தள்ளி, நாலு முதல் ஆறு வாரம். எதிர்ப்புச் சக்தி திடீரென்று எழுந்தால், ஒளிந்திருக்கும் கிருமியோடு அது போடும் சண்டையே ஆளைப் படுக்க வைத்துவிடுமாம். ஆக, கவுண்ட் அதிகமாக இருந்த எனக்கு மாத்திரை உடனே, குறைவாக இருந்தவருக்குக் கொஞ்சம் பொறுத்து. நான் கேள்விப்பட்டதற்கு அப்படியே தலைகீழ்.

எனக்குக் கொடுத்தது ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள்ளேயே. டி.பி. வராமல் தடுக்க ஐசோனியாசிட் ஆறு மாதம், கூடவே பி6 வைட்டமின். ராத்திரி சாப்பிட்டபோது தூக்கம் கெட்டது. கேட்டுவிட்டுக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதை மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஜெலுசில். இதைக் கேட்காமலே யாரும் சொல்வதில்லை, நீங்களே கேளுங்கள்.

என் மனைவிக்கு நெகட்டிவ். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் நெகட்டிவ். "ஏங்க, உடனே ஆரம்பிச்சா எனக்கும் நல்லதாமே?" என்று கவுன்சிலரிடம் கேட்டு வந்து சொன்னது அவள்தான். 2011-ல் வந்த ஆராய்ச்சி ஒன்றில் சென்னைத் தம்பதிகளும் இருந்தார்கள். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது. கவுண்ட்டை வைத்துப் போட்ட வாதமெல்லாம் எங்கள் வீட்டில் அதோடு முடிந்தது.

ஆறு மாதத்தில் வைரல் லோடு பார்த்தார்கள்: கண்டறிய முடியாத அளவு. சிடி4 மட்டும் 560. இவ்வளவுதானா என்று முகம் சுருங்கியதைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார். வைரஸ் வேகமாக இறங்கும், அணுக்கள் மெதுவாகத்தான் ஏறும். ரொம்பக் கீழே போய் ஆரம்பித்தவர்களுக்கு முழுசாக ஏறாமலே நின்றுவிடுவதும் உண்டு. காசிமேட்டு அண்ணன் இத்தனை வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டும் 400-ஐச் சுற்றியேதான் நிற்கிறார்.

அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "எங்க காலத்துல இந்த மாத்திரை இருந்திருந்தா நான் ஏன் தள்ளப் போறேன்" என்றார். இப்போது புதிதாக வருகிறவர்களிடம் அவரும் வைரல் லோடைத்தான் கேட்கிறார். வைரல் லோடு அடங்கி, சிடி4-ம் 350-க்கு மேல் நிலைத்துவிட்டால் அப்புறம் வழக்கமாக சிடி4 எடுக்க மாட்டார்கள். எனக்கும் அடுத்த சீட்டில் வைரல் லோடு மட்டும்தான் எழுதியிருக்கிறது. நேரில் போய்க் கேட்கத் தயங்குகிறவர்கள் 1097-க்குப் போன் செய்யலாம், இலவசம்.