கட்டுரை நோட்டில் ஒரு கேள்வி

ஜூலை 8, 2024, திங்கள்

ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டுரை நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மதிப்பெண்ணைப் பார்த்தார்கள், பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தார்கள், மூடி வைத்துவிட்டார்கள். முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். மார்க்கைத்தான். அப்புறம்? "மத்தவங்களுக்கும் அதேதான் எழுதியிருக்கான்னு பார்ப்போம்யா" என்றாள் முன்வரிசைப் பெண். எல்லா நோட்டிலும் 'நன்று' என்றிருந்தால் அது சீல் மாதிரியாம்.

அமெரிக்காவில் எழுத்துக் கல்வி ஆய்வாளர் நான்சி சாமர்ஸ் 1982-இல் இதையேதான் எழுதினார். கல்லூரி ஆசிரியர்களின் குறிப்புகளில் பெரும்பாலானவற்றை ஒரு கட்டுரையிலிருந்து எடுத்து வேறெந்தக் கட்டுரையில் போட்டாலும் பொருந்திவிடும் என்று. இந்தப் பெண் அதைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

ஜூலை 11, வியாழன்

அடுத்த தலைப்பு 'எங்கள் ஊர்க் கண்மாய்'. மதிப்பெண்ணைத் தனித்தாளில் குறித்துக்கொண்டேன், நோட்டில் போடவில்லை. இஸ்ரேலில் கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு மனதில் இருந்தது. குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகளுக்கு ஆர்வமும் திறனும் கூடின. குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

எழுத்துப் பிழைகளில் முக்கியமானதை மட்டும் சுழித்தேன். ஒருவன், தன் தாத்தா கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்பாய்ச்சியாக இருந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு, 'நீரின்றி அமையாது உலகு' என்று முடிவுரைக்கு ஓடியிருந்தான். ஓரத்தில் எழுதினேன்: "தண்ணீர் குறைந்த வருஷம் தாத்தா யார் வயலுக்கு முதலில் மடை திறந்தார்?"

நாற்பது நோட்டுக்கும் இப்படி எழுத நேரம் ஆகத்தான் செய்கிறது. ஆனாலும் இதைவிட முக்கியமான வேலை தமிழாசிரியருக்கு என்ன இருக்கிறது?

ஜூலை 12, வெள்ளி

மார்க் எங்கே என்று கொஞ்சம் சலசலப்பு. பிறகு ஒருவருக்கொருவர் கேள்விகளைப் படித்துக் காட்டினார்கள். "அய்யா முழுசாப் படிச்சிருக்காருடா" என்று பின்வரிசையில் ஒரு குரல். ஒருத்திக்கு மட்டும் முகம் வாடியது. கேள்வி கேட்டால் தப்பாக எழுதியிருக்கிறோம் என்றே இத்தனை வருஷம் பழக்கியிருக்கிறோம். அவளிடம் தனியாகப் பேசினேன்.

ஜூலை 19, வெள்ளி

கேட்காமலே அந்தப் பையன் இரண்டு பக்கம் எழுதி வந்து நீட்டினான். தாத்தாவிடம் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். முறை வைத்துத் தண்ணீர் விட்டது, ராத்திரி மடையிலேயே படுத்துக் கிடந்தது, சொந்தக்காரர் வயலுக்கு முன்கூட்டியே திறக்க மறுத்ததில் வந்த சண்டை, எல்லாம் இருக்கிறது. முடிவுரை இல்லை. சந்தி ஏகப்பட்ட இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. அது இருக்கட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். கடைமடை வயல்களுக்கு அந்த வருஷம் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.