அம்பு ஸ்டிக்கர் ஒட்டிய கை

திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங்கில் ஒன்பது வருஷம் இருந்தேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், எது கண்ணில் பட்டாலும் சின்ன அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். இப்போது வாரக் கடைசியில், சின்னக் குழந்தைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் மாண்டிசோரி முறைக்கு டிப்ளமோ வகுப்பு, மற்ற நாள் காலையில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் செய்முறைப் பயிற்சி. அங்கே மேடம் சொன்ன முதல் பேச்சே, "கையைப் பின்னால கட்டிக்கங்க அம்மணி."

எதற்கென்று அன்றைக்கே தெரிந்துபோனது. தட்டில் இரண்டு குவளை, ஒன்றில் பாசிப்பயறு. அதிலிருந்து இதில் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். மூன்று வயசுப் பையன் ஊற்றினான், பாதி தரையில். நான் எழுந்தேவிட்டேன். மேடம் கண்ணாலேயே உட்கார வைத்தார். பையன் சிந்தியதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் குனிந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒவ்வொரு பயறாகப் பொறுக்கினான். பாய்க்கு அடியில் உருண்டதைக்கூட பாயைத் தூக்கி எடுத்தான். பதினோரு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தது நான் மட்டும்தான். நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான் என்று மேடம் பிறகு சொன்னார்.

இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒன்று இருக்கிறது. 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்துக் கட்டைகள். வரிசை மாறினால் கோபுரமே கோணி நின்று காட்டிக்கொடுத்துவிடும். தப்பைக் காட்ட ஆளே வேண்டாம். ஒன்பது வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் பார்த்த வேலையை ஒரு மரக்கட்டை செய்கிறது.

கவனிப்பு நோட்டில் 'அடம் பிடித்தாள்' என்று எழுதியதை மேடம் சிவப்பில் சுழித்தார். பார்த்ததை எழுது, தீர்ப்பை எழுதாதே. 'தட்டைத் தள்ளினாள், ஜன்னலைப் பார்த்தாள்' என்று மாற்றி எழுதினேன். அப்புறம்தான் ஜன்னலுக்கு வெளியே ஆட்டுக்குட்டி நின்றது ஞாபகம் வந்தது.

குழந்தைகள் விரலால் தடவிப் பார்க்கும் எழுத்து அட்டைக்கு ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி, உயிர் 12 நீல அட்டையிலும் மெய் 18 இளஞ்சிவப்பு அட்டையிலும் ஒட்டினேன். 'ழ்' வெட்டுவதற்குள் கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் கண்ணு, புள்ள வளக்கறதுக்கு வெள்ளக்காரிகிட்டயா படிக்கோணும்?" என்றார். இந்த முறையைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மா 1939-ல் அடையாறுக்கு வந்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலில்கூட இருந்தார் என்றேன். "கொடைக்கானலா? பழனிக்கு அந்தப் பக்கந்தானே" என்று கொஞ்சம் இறங்கி வந்தார்.

இந்தப் படிப்புக்கு ஏன் வந்தேன் என்று கேட்பவர்களுக்கு: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். நான் இருந்த இடத்தில் அந்த போர்டு மாட்டிய அறையில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தார்கள். ஆடிட் அன்றைக்கு மட்டும் தொட்டில் வரும். என் மகள் காங்கேயத்தில் அம்மாயியிடம் வளர்ந்தாள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்துக்கொண்டு.

சரி, அடுத்த மாசம் செய்முறைத் தேர்வு. பாய் சுருட்டுவதில் எனக்கு இன்னும் ஓரம் ஏறி இறங்குகிறது. நேற்று மூன்று முறை பிரித்துப் பிரித்துச் சுருட்டினேன். அந்தப் பயறுக்காரன் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.