அப்பத்தாவோட மாத்திரையும் என்னோட நாத்திகமும்

கார்த்திகை தீபம் முடிஞ்சிருச்சு, எங்க வீட்ல பிள்ளையார் நோன்புக்கு நூல் எடுத்து வைக்க ஆரம்பிச்சுட்டாக. தினம் ஒரு இழையா 21 நாளைக்கு 21 இழை, கடைசில சஷ்டியும் சதயமும் கூடுற அன்னிக்கு அதைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் போட்டுப் பிசைஞ்ச மாவுல வச்சு ஏத்தி, பெரியப்பச்சி, அதான் பெரியப்பா, கையால வாங்கி எரியுற சுடரோட அப்படியே வாயில போட்டுக்கணும். செட்டிநாட்டுப் பக்கம் நகரத்தார் வீடுகள்ல பொறந்தவங்களுக்கு இது தெரியும். சின்னப்புள்ளையில கண்ண இறுக்கி மூடிக்கிட்டு வாயத் தொறப்பேன், நாக்கு பொசுங்கப் போகுதுன்னு நெஞ்சு அடிச்சுக்கும், ஆனா சுடாது, வாய மூடுனதும் அணைஞ்சிரும், நெய் வாசமும் வெல்ல இனிப்பும் மட்டும் நிக்கும்.

பத்தொம்பது வயசுல காலேஜ் லீவுல வந்தப்ப வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, அத்தனை பேர் கூடியிருக்கயில "ஆக்சிஜன் இல்லாம அணையுது, இதுல பிள்ளையார் எங்க வந்தாரு"ன்னு சத்தமாவே கேட்டேன். இழை வேணாம்னும் சொல்லிட்டேன். யாரும் திட்டல. மாவு பிசைஞ்ச கையோட அப்பத்தா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாக, அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கல.

அந்த வருஷந்தான் பகத்சிங் 1930ல லாகூர் ஜெயில்ல இருந்து எழுதின நாத்திகக் கட்டுரைய பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவோட தமிழாக்கத்துல படிச்சிருந்தேன். அகம்பாவத்துனாலதான் நீ கடவுள் இல்லைங்கிறன்னு கூட இருந்தவங்க சொன்னதுக்குப் பதிலாத்தான் அந்த மனுசன் அதை எழுத ஆரம்பிக்கிறாரு. கடைசி நாள் வர்றப்ப நீயும் நம்ப ஆரம்பிச்சிருவன்னு சொன்னவருக்கும் மாட்டேன்னு பதில் இருக்கு. தூக்கு காத்துக்கிட்டிருக்கப்பவும் தன் அறிவை அடகு வைக்க மாட்டேன்னு ஒருத்தர் நிக்கிறாரே, அது என்னைய அப்படியே புடிச்சு உலுக்கிருச்சு. இன்னிக்கும் நான் நாத்திகன்தான், அதுல மாத்தம் இல்ல. ஆனா அவரு தன்னை மாத்த வந்தவங்களுக்குப் பதில் சொன்னாரு, நான் கேக்காதவங்கள மாத்தக் கெளம்பிட்டேன்.

அஞ்சாறு வருஷம் அப்பத்தாகூட வாக்குவாதம். கொப்புடையம்மன் கோயிலுக்குக் கெளம்புனா ஒரு கேள்வி, குன்றக்குடி முருகன் கோயிலுக்குப் போயிட்டு வந்து திருநீறு பூச வந்தா ஒரு கேள்வி. அவுகளுக்குப் பதில் தெரியாத கேள்வியாப் பாத்துக் கேப்பேன், பதில் வராதப்ப ஜெயிச்ச மாதிரி இருக்கும்.

அப்பறம் ஒரு ஐப்பசியில கந்த சஷ்டி விரதம். ஆறு நாள் விரதத்துல மொத நாள்ல இருந்தே பிரஷர் மாத்திரையத் தொடல, விரதத்துல எதுவும் வாயில போடக்கூடாதுன்னு அவுகளா முடிவு பண்ணிட்டாக. அஞ்சாம் நாள் வளவுல கிறுகிறுத்து உக்காந்துட்டாக. ஆஸ்பத்திரில பாத்தா 190க்கு 110. நான் பதறிப் போயி மாத்திரைய நிறுத்தக்கூடாது அப்பத்தான்னு படிச்சுப் படிச்சு சொன்னேன், கெஞ்சினேன், அழுதேன். அவுக சொன்னது ஒரே வார்த்தைதான். "நீதான் எல்லாத்தையும் பொய்யின்னு சொல்றவனாச்சே, விரதமும் அதுல ஒண்ணு."

எனக்கு நெஞ்சுல அடிச்ச மாதிரி இருந்துச்சு, ஏன்னா அவுக கணக்குல நான் மாத்திரையப் பத்திப் பேசல, மறுபடியும் முருகனைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கேன், கடவுள் இருக்கா இல்லையான்னு அஞ்சு வருஷம் தொண்ட கிழியப் பேசிப் பேசி, உசுருக்கு ஆபத்துன்னு வர்றப்ப என் பேச்சக் கேக்க அங்க ஆள் இல்லாமப் பண்ணி வச்சிருந்தேன்.

அவுக மனச மாத்துனது அடுத்த வீட்டு ஆச்சி. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு பழனிக்கு நடக்குறவுக. "நானும் தினம் மாத்திரை போட்டுட்டுத்தான் நடக்குறேன், முருகன் ஒண்ணும் கோவிச்சுக்கல, மருந்து விரதத்துல சேராது"ன்னு சொன்னாக. அன்னிக்கு ராத்திரியே தண்ணி கொண்டாடான்னு என்னைக் கூப்ட்டு மாத்திரையப் போட்டுக்கிட்டாக.

இதைச் சொன்னா உடனே சில பேரு, பாத்தியா, அதனால நாத்திகனெல்லாம் வாய மூடிக்கிட்டு இருக்கணும்பாங்க. அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம ஊர்ல காலைல அஞ்சு மணிக்கு மைக் செட்டுலயே பிரச்சாரம் ஆரம்பிச்சிருது, வர்ற பத்திரிகையெல்லாம் பிள்ளையார் சுழியோட வருது, ரயில்ல பக்கத்துல உக்காந்தவரு சுவிசேஷ நோட்டீஸ் குடுக்குறாரு, நோய்னு படுத்தா எந்தக் கோயிலுக்கு நேர்ந்துக்கணும்னு பத்து பேரு சொல்றாங்க. இவங்கள யாரும் ஏன் அடுத்தவன் மனச மாத்தப் பாக்குறீங்கன்னு கேக்குறதில்ல. அந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் எதுக்கு?

அதோட, பேசாம இருந்திருந்தா எதுவும் நடந்திருக்காது. ஐயர் இல்லாம தாலி கட்டுனா கல்யாணமான்னு கேட்ட ஊருதான் இது, சுயமரியாதைக்காரங்க நாப்பது வருஷம் விடாமப் பேசி, கட்டி வச்சு, கடைசில 1967ல அண்ணா ஆட்சியில அந்தக் கல்யாணமும் செல்லும்னு சட்டம் வந்துச்சு. தேவகோட்டை பக்கம் கண்டதேவி தேரு, வடத்தை யார் தொடலாம்ங்கிற சாதிச் சண்டையில எத்தனையோ வருஷம் ஓடாம நின்னு 2024ல தான் ஓடுச்சு. அங்க வடம் புடிக்க உரிமை கேட்டவங்க பக்தருங்க. அவங்ககிட்ட போயி சாமியே இல்ல, அப்பறம் எதுக்கு வடம்னு நான் சொன்னா அது எவ்வளவு பெரிய கொடுமை! அவங்க கூட நிக்கிறதுதான் என் வேலை, சாமி விவகாரத்த அப்பறம் பாத்துக்கலாம்.

பெரியார் 1953ல பிள்ளையார் சிலைய உடைச்சவரு. அந்த மனுசனும் குன்றக்குடி சைவ மடத்துத் தலைவரா இருந்த அடிகளாரும் மேடையில எதிரும் புதிருமா இருந்து அப்பறம் அவ்வளவு நெருக்கமானாங்க. மடத்துக்கு வந்தப்ப அடிகளார் குடுத்த திருநீற பெரியார் மறுக்காம வாங்கிக்கிட்டாருன்னு எங்க பக்கம் இப்பவும் சொல்லுவாக. தன் கொள்கையில ஒரு அங்குலம் விட்டுக்குடுக்காத ஆளு, எதிர்ல நிக்கிறவரோட கையத் தட்டி விடல. காரைக்குடியில இருந்து பத்து கிலோமீட்டர்ல அந்த மடம் இருக்கு, அது வழியாவே எத்தனையோ தடவ போயிருக்கேன், இதை மட்டும் யோசிக்காமயே போயிருக்கேன்.

மனசு மாறுறது எப்படின்னும் யோசிச்சுப் பாக்குறேன். சிறுகூடல்பட்டி கண்ணதாசன் நாத்திகம் பேசுன இயக்கத்துல இருந்து ஆத்திகத்துக்குப் போனாரு, யாரோ வாதத்துல தோக்கடிச்சு இல்ல, அவரே படிச்சுப் படிச்சுப் போனாரு. நான் இந்தப் பக்கம் வந்ததும் அப்படித்தானே, ஒரு கட்டுரைய தனியா உக்காந்து படிச்சு. அப்பத்தாவ மட்டும் வளவுல நாலு பேர் முன்னாடி நிப்பாட்டி மாத்திரலாம்னு எப்படி நெனச்சேன்?

இப்ப அவுகளுக்கு எம்பத்துநாலு. போன நோன்புக்கு மாவு பிசைய கை நடுங்குதுன்னு நான்தான் பிசைஞ்சு குடுத்தேன். இழை எடுத்துக்கிறியான்னு பெரியப்பச்சி கேட்டாக, வேணாம்னேன். அப்பத்தா ஏத்தாத மாவுல ஒரு உருண்டை கிள்ளி என் கையில வச்சாக, "தீ இல்லாததத் திங்கலாமில்ல?"

ராத்திரி காலப் புடிச்சு விடயில அவுகளா கேட்டாக, "செத்தா என்னடா ஆவோம், நீ என்ன நெனைக்கிற?" இத்தனை வருஷத்துல அவுக என்கிட்ட கேட்ட முதல் கேள்வி. ஒண்ணும் இருக்காதுன்னுதான் நெனைக்கிறேன் அப்பத்தா, தூங்குற மாதிரின்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் "ஐயா அங்க இருப்பாகன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்"னாக. ஐயாவப் பத்தி, அதான் எங்க தாத்தாவப் பத்தி, சொல்லுங்களேன்னேன். பர்மாவுல இருந்து வந்த கதையில ஆரம்பிச்சாக, முடியிறப்ப மணி ஒண்ணு.