நகல் எடுக்காத ஹார்ட் டிஸ்க்

"அண்ணே, ஹார்ட் டிஸ்க்கை அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காப்பி போட்டு வச்சீங்களா?" என்று பழைய கம்ப்யூட்டர்மேல் ஆர்வமுள்ள ஒரு தம்பி கேட்டபோது, இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டர் இருந்த நூற்பாலையில் போடச் சொல்லவில்லை என்று காரணமும் சொன்னேன். "போடச் சொல்லலையா, போட வேணாம்னு சொன்னாங்களா?" என்று அவர் அடுத்துக் கேட்டதற்குத்தான் இன்றுவரை என்னிடம் நேரான பதில் இல்லை.

ஆலை மேலாளர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கணக்குப் பிரிவில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களை எடைக்கே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஹார்ட் டிஸ்க் எதுவும் உருப்படியாக வெளியே போகக் கூடாது, அழித்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார். நகல் என்ற பேச்சே எழவில்லை. அந்த ஆலைக்கு நெடுநாள் சர்வீஸ் பார்த்தவன் என்பதால்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. வெளியே போகக் கூடாது என்று ஒருவர் சொன்னால், நகலும் போகக் கூடாது என்றுதான் அதற்குப் பொருள் என்று நான் எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இருந்தும் அந்தத் தம்பியின் கேள்வி விட்டுப் போகவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர்களில், 386 என்ற பழைய பிராசஸர் கொண்ட இரண்டு பெட்டிகளில் ஜிஸ்ட் கார்டு இருந்தது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரிய வாய்ப்பில்லை. கான்பூர் ஐஐடியில் தொடங்கிப் பின்னர் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் வளர்த்தெடுத்த அந்தக் கார்டை மதர்போர்டின் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகினால், ஆங்கிலத்துக்காகவே எழுதப்பட்ட, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் மென்பொருள்களில் தமிழையும் அடிக்கலாம், திரையிலும் பார்க்கலாம். விண்டோஸில் தமிழ் எழுத்துரு தேடி அலைந்த காலத்துக்கும் முந்தைய கதை இது. ஆலையில் அதை வைத்துத்தான் டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் சம்பளக் கணக்குப் போட்டு, பஞ்சப்படி, சேமநல நிதி, சொசைட்டிப் பிடித்தம் எல்லாவற்றையும் தமிழிலேயே சீட்டாக அச்சடித்துக் கொடுத்தார்கள். ஸ்பின்னிங்கில் நின்றவர்கள் பிறரிடம் நீட்டாமல் தாங்களே படித்துக்கொண்ட சம்பளச் சீட்டு அது.

இரண்டில் ஒன்று தேறவில்லை. அந்தக் காலத்து மதர்போர்டுகளில் பீப்பாய் வடிவில் ஒரு 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சால்டர் செய்தே வைத்திருப்பார்கள். அது கசிந்து பச்சை பூத்து, செம்புத் தடங்களைத் தின்று கீபோர்டு சாக்கெட் வரை போயிருந்தது. வினிகரால் துடைத்துப் பார்த்தேன். பச்சையோடு தடமும் சேர்ந்து வந்தது. அதிலிருந்த ஃப்ளாப்பி டிரைவையும் பவர் சப்ளையையும் கழற்றி மற்றதில் பொருத்தினேன். ஜிஸ்ட் கார்டையும் உதிரிக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் செல்லூரில் எனக்கு வாடிக்கையான பழைய இரும்புக் கடையில் போட்டேன். பழைய கம்ப்யூட்டர் சேர்ப்பவர்களில் ஒரு சாரார் இதையே கொலை என்பார்கள். செத்த போர்டானாலும் அப்படியே வைத்திருந்தால், என்றாவது ஒருவன் கம்பி இழுத்து உயிர் கொடுப்பான் என்பது அவர்கள் கட்சி. கடை வாடகையை அவர்கள் கொடுப்பதில்லை. இரும்புக் கடைக்காரருக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. செராமிக் பிராசஸரின் அடியில் தங்க முலாம் பூசிய ஊசிகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "நீங்க மூடி வச்சாலும் ஓடாது, நான் உடைச்சாலும் ஓடாது, எங்கிட்ட வந்தா காசாச்சும் வரும்ணே" என்றார். அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை அவரோடு எனக்கு வழக்கில்லை.

என் சிக்கல், ஓடுகிற பெட்டியின் டிஸ்க்கைப் பற்றியது. 40 மெகாபைட் டிஸ்க். அத்தனை வருடம் கிடந்தும் பவர் கொடுத்ததும் சுழன்றது. அழிப்பதற்காக டிரில்லால் துளை போடுமுன் டைரக்டரியைத் திறந்து பார்த்தேன். டிபேஸில் விவரங்கள் டி.பி.எஃப் கோப்புகளிலும், கணக்குப் போடும் கட்டளைகள் பி.ஆர்.ஜி கோப்புகளிலும் தனித்தனியே இருக்கும் என்பது அதில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தம்பி சொன்னதும் அதைத்தான்: தொழிலாளர் விவரங்களை விட்டுவிட்டு, கட்டளைக் கோப்புகளை மட்டும் ஒரு ஃப்ளாப்பியில் எடுத்திருந்தால் யாருக்கும் பாதகமில்லை, தமிழில் சம்பளம் போட்ட ஒரு மென்பொருளும் பிழைத்திருக்கும்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அந்தக் கட்டளைக் கோப்புகளில் ஒன்றைத் திறந்து படித்திருந்தேன். பிடித்தக் கணக்கின் நடுவே, குறிப்பிட்ட ஒரு தொழிலாளியின் டோக்கன் எண் வந்தால் சொசைட்டிப் பிடித்தத்தைத் தாண்டிப் போகும்படி எழுதியிருந்தது. அதற்கு மேலே நட்சத்திரக் குறியிட்டு, "தகப்பனார் இறந்ததால் இரண்டு மாதம் பிடிக்க வேண்டாம்" என்று தமிழில் ஒரு குறிப்பு. இன்னும் கீழே, கோர்ட் உத்தரவுப்படி ஒருவரின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்க ஒரு வரி. எழுதியவர் ஆலையின் பழைய கணக்கு எழுத்தராகத்தான் இருக்க வேண்டும். விதிவிலக்குகளுக்குத் தனிப் பட்டியல் போடாமல், அப்போதைக்கு அப்போது கட்டளைக்குள்ளேயே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். விவரம் வேறு, கட்டளை வேறு என்று பிரித்தெடுக்க அங்கே வழியில்லை. அதைப் படித்த பிறகுதான் டிஸ்க்கைக் கழற்றி டிரில்லை எடுத்தேன்.

இதை அந்தத் தம்பியிடம் சொன்னபோது அவர் முகம் இன்னும் வாடிவிட்டது. "அதுதாண்ணே வேணும், வெறும் பெட்டி எல்லா ஊர்லயும் கிடைக்கும்" என்றார். டோக்கன் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க இனி யாரால் முடியும் என்றும் கேட்டார். ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் முடியும் என்றேன். அங்கே டோக்கன் எண்ணைச் சொல்லி ஆளை விசாரிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நகல் எடுத்திருந்தாலும் அந்த ஜிஸ்ட் கார்டு இல்லாமல் எவனும் படிக்க முடியாது என்று சில நாள் என்னையே தேற்றிப் பார்த்தேன். அது ஒப்புக்குச் சொல்வது. அந்தக் கார்டு பயன்படுத்திய, இந்திய மொழி எழுத்துகளுக்கான இஸ்கி குறியீட்டுமுறை 1991இல் ஐஎஸ் 13194 என்ற இந்தியத் தரமாகவே வெளியானது. அட்டவணையைப் பார்த்து யூனிகோடுக்கு மாற்றுவது தெரிந்தவனுக்குப் பெரிய வேலையில்லை. நகல் இருந்திருந்தால் அதை இன்று எல்லோரும் படித்திருப்பார்கள். எடுக்காததற்கு அதுவே ஒரு காரணம் என்றும் தோன்றுகிறது. எடுத்திருக்க வேண்டியதற்கும் அதையே காரணமாகச் சொல்லலாம் போலிருக்கிறது.

பெட்டி இப்போது அந்தத் தம்பியின் வீட்டில் இருக்கிறது. டாஸ் ஃப்ளாப்பியில் கிளம்புகிறது; தமிழும் அடிக்கிறது; அதில் ஓட்டத்தான் ஒன்றுமில்லை. எழுத்தர் உயிரோடு இருந்தால் அவரை உட்கார வைத்து அந்தச் சம்பளக் கணக்கை நினைவிலிருந்தே மறுபடி எழுதச் சொல்லலாம் என்கிறார் தம்பி. எழுத்தர் இருக்கிறார், திருமங்கலத்தில் மகள் வீட்டில். போன் நம்பரும் என்னிடம் இருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால், டிஸ்க் என்ன ஆயிற்று என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். நான் இன்னும் கூப்பிடவில்லை.